‘கிஃப்ட்’ கையேடு: கல்லூரி வகுப்பில் எடுபடுமா?

பாலினமும் அமைதியாக்கமும் என்று ஒரு தாளைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது எளிது. ஐம்பது நிமிட வகுப்பில் அதை எதை வைத்து நடத்துவது என்பதில்தான் ஆசிரியர்கள் திணறுகிறார்கள். ஐ.நா. தீர்மானங்களின் வாசகத்தைப் படித்தால் மாணவர்களுக்குத் தூக்கம் வருகிறது. கோட்பாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் ஆசிரியருக்கே வருகிறது. இரண்டுக்கும் நடுவே பயன்படக்கூடிய ஒன்று, அமெரிக்க சமாதான நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘ஜெண்டர் இன்க்ளூசிவ் ஃபிரேம்வொர்க் அண்ட் தியரி’ என்ற கையேடு. முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கிஃப்ட்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் உள்ளது. விலை இல்லை, பெயருக்கேற்ற பரிசுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடநூலாக வைத்தால் இது தேறாது. ஐந்து வகுப்புகளுக்கான பயிற்சிக் கருவியாக வைத்தால் நல்ல சரக்கு. ஆனால் அது தரும் வரிசையைக் குலைக்க வேண்டும், உதாரணங்களை ஆசிரியர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கையேடு மாணவர்களுக்காக எழுதப்பட்டதன்று. மோதல் நடக்கும் இடங்களில் திட்டம் தீட்டுகிறவர்களுக்கானது. பாலின ஆய்வு என்றால் எல்லா ஊருக்கும் ஒரே படிவம் என்ற பழக்கத்தை உடைத்து, மூன்று வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, ‘பெண்கள், அமைதி, பாதுகாப்பு’: அமைதி முயற்சிகளில் பெண்களுக்குப் பங்கு வேண்டும் என்று 2000 அக்டோபர் 31இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தின் வழிவந்தது. இரண்டாவது, ‘அமைதி சார்ந்த ஆண்தன்மைகள்’: ஆணாக இருப்பதென்றால் என்ன என்று ஒரு சமூகம் சொல்லித்தருவது வன்முறையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது, ‘ஒன்றையொன்று வெட்டும் அடையாளங்கள்’: சாதி, மதம், வயது, வர்க்கம், இடம் ஆகியவை பாலினத்தோடு சேரும்போது யார் எங்கே நசுங்குகிறார் என்று பார்ப்பது. இந்தச் சூழலுக்கு எந்த வழி பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க வைப்பதுதான் கையேட்டின் உண்மையான பலம். வேறு பல கருவிகளில் ‘பெண்களையும் சேர்த்துக்கொள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தமிழில் நடத்தும்போது முதல் முட்டுக்கட்டை சொற்கள். ஜெண்டர் என்பதற்குத் தமிழ்நாட்டில் பாலினம், இலங்கையில் பால்நிலை. இரண்டையும் கரும்பலகையில் எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது; யாழ்ப்பாணத்துக் கட்டுரையும் சென்னைக் கட்டுரையும் ஒரே வாரத்தில் கைக்கு வந்தால் இரண்டும் வெவ்வேறு கருத்து என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய வம்பு ‘மாஸ்குலினிட்டி’. அதை ‘ஆண்மை’ என்று மொழிபெயர்த்தால் வகுப்பில் சிரிப்பு கிளம்பும். சுவரொட்டி வைத்தியர்கள் அந்தச் சொல்லைக் கைப்பற்றிப் பல காலமாகிறது. போதாக்குறைக்கு வீரம், நேர்மை என்ற பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது. ‘ஆண்தன்மை’ என்று வைத்து, அதையும் பன்மையில் ‘ஆண்தன்மைகள்’ என்று சொல்வது பொருந்தும். ஆணாக இருக்கப் பல வகைகள் உண்டு என்ற வாதமே அந்தப் பன்மையில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு இருமுறை அழுத்திச் சொன்னால் போதும், சிரிப்பு அடங்கிவிடும்.

இனி வரிசை. கையேடு பெண்கள் வழியை முதலில் வைக்கிறது. வகுப்பில் அதையே முதலில் நடத்தினால், பாலினம் என்றால் பெண்கள் என்று மனத்தில் பதிந்துவிடும். பிறகு வரும் இரண்டு வழிகளும் பின்னிணைப்பாகத்தான் தெரியும். எனவே முதல் நாள் பாலினம் என்ற சொல்லையே எடுக்காமல், ஆயுதக் களைவிலிருந்து, அதாவது போர் முடிந்ததும் ஆயுதக் குழுக்களிடம் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு அவற்றைக் கலைக்கும் வேலையிலிருந்து, தொடங்குவது நல்லது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் இதற்கு மிகப் பொருத்தம். 1991இல் தொடங்கி 2002 வரை நீடித்த போர். ஆயுதக் களைவு முகாமில் சேருவதற்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஏகே-47ஐப் பிரித்துப் பூட்டிக் காட்டவும் சொன்னார்கள். சேர்ந்தவர்களுக்கு உதவியும் பயிற்சியும் உண்டு. வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து இந்த நிபந்தனையை மட்டும் அரைப்பக்கத் தாளில் கொடுங்கள். கேள்வி ஒன்றுதான்: ஆயுதக் குழுவில் இருந்த யார் யார் இந்த வாசலில் நின்றுபோவார்கள்? பதினைந்து நிமிடம் போதும். சமைத்தவள், சுமை தூக்கியவள், உளவு சொன்னவள், தளபதியின் ‘மனைவி’ என்று கடத்தி வைக்கப்பட்டவள், துப்பாக்கி வைத்திருந்தும் போர் முடியும் நேரத்தில் அதைத் தளபதி பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டதால் வெறுங்கையோடு நின்றவள் என்று பட்டியல் தானாக நீளும். பிறகு எண்களைப் பலகையில் எழுதலாம். முகாம் வழியாக வந்தவர்கள் 72,490 பேர். அவர்களில் பெண்கள் 4,751, அதாவது நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. சிறார் 6,774, அவர்களில் சிறுமியர் 506. ‘பெண்கள் வரக்கூடாது’ என்று எந்த விதியிலும் எழுதவில்லை. அந்த வேலையைத் துப்பாக்கி நிபந்தனையே செய்துவிட்டது. பாலினப் பாகுபாடு எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த வரைவிலக்கணமும் தராது.

இத்தோடு நிறுத்தினால் மாணவர்கள் ‘நிபந்தனையைத் தளர்த்திவிட்டால் சரியாகிவிடும்’ என்று நிம்மதியாக எழுந்து போவார்கள். அவர்களை அப்படி விடக்கூடாது. பக்கத்து நாடான லைபீரியாவில் தளர்த்தினார்கள். ஆயுதக் குழுக்களோடு இருந்த பெண்கள் துப்பாக்கி இல்லாமலும் பதியலாம் என்றார்கள். மற்றவர்களுக்கும் 150 தோட்டாக்களைக் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். சுமார் 38,000 பேர் வருவார்கள் என்று போட்ட கணக்கு உடைந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். பெண்கள் ஏறக்குறைய 22,000. சேர்ந்த துப்பாக்கிகளோ சுமார் 28,000தான். ஆளுக்கு 300 டாலர் என்றால் போருக்குப் போகாதவனும் வரிசையில் நிற்கத்தானே செய்வான். விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவர வாசலை அகலமாக்கினால் வேறு யார் நுழைகிறார்கள், அதைத் தடுக்க எந்தச் சான்றைக் கேட்பது, அந்தச் சான்று யாரிடம் இருக்காது என்று கேள்வி திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வரும். முதல் வகுப்பை அந்தச் சிக்கலிலேயே முடித்துவிடலாம்.

இரண்டாவது வகுப்பு ஆண்தன்மைகளுக்கு. கையேட்டின் மூன்று வழிகளில் மிக அரிதாகக் கற்பிக்கப்படுவதும், வகுப்பில் மிக எளிதாகத் தடம்புரள்வதும் இதுதான். ‘ஆண்களும்தான் கஷ்டப்படுகிறார்கள்’ என்று ஒருவர் தொடங்குவார், ‘அப்படியென்றால் பெண்கள்’ என்று இன்னொருவர் எழுவார், ஐம்பது நிமிடமும் பட்டிமன்றமாகப் போய்விடும். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்ற கேள்விக்கு இடமே தராத உதாரணம் வேண்டும். தெற்கு சூடானின் மாடு கவரும் சண்டைகள் அப்படிப்பட்டவை. அங்கே பல சமூகங்களில் மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்கு மாடுகளைக் கொடுத்தாக வேண்டும். மாடு இல்லாதவனுக்குக் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாதவன் முழு ஆணாகக் கணக்கில் வருவதில்லை. இந்த மணவிலை ஏறும்போது, மாடு இல்லாத இளைஞனுக்குப் பக்கத்து இனத்தாரின் பட்டிதான் வங்கி. ஒரு காலத்தில் ஈட்டியோடு போன இந்தக் கொள்ளை, போர்க்காலத்துத் துப்பாக்கிகள் கைக்கு வந்தபின் படுகொலையாக மாறியது.

இங்கே மாணவர்களை வரையச் சொல்லலாம். ஒரு இளைஞன் நடுவில். அவனை மாடு கவரப் போகச் சொல்லும் ஒவ்வொரு கையையும் அம்புக்குறியாகப் போட வேண்டும். தந்தை, மாமன், சகவயது நண்பர்கள் என்று முதலில் வரும். திரும்பி வந்தவனைப் பாடிப் புகழ்வதும் வெறுங்கையனைக் கேலி செய்வதும் பெண்களின் பங்காக இருப்பதுண்டு என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகும். ஆண்தன்மையை ஆண்கள் மட்டும் செய்வதில்லை. பிறகு கேள்வி: இந்த இளைஞர்களுக்குத் தையல், தச்சு, இரண்டு சக்கர வண்டி பழுதுபார்ப்பு என்று ஆறு மாதப் பயிற்சி கொடுக்கும் திட்டம் எந்த அம்புக்குறியைத் தொடுகிறது? சம்பாதித்த காசிலும் அவன் மாடுதானே வாங்கப் போகிறான்? மணவிலைக்கு உச்சவரம்பு வைப்பது பற்றிய பேச்சுகள் ஏன் மறுபடி மறுபடி எழுகின்றன என்பது இந்தப் படம் வரைந்தவர்களுக்குத் தானே விளங்கும். இளைஞர்களையே அமைதிப் பணியின் பங்காளிகளாகப் பார்க்கும் 2250ஆம் தீர்மானத்தையும் (2015) இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடலாம்.

மூன்றாவது வழியில் மாணவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: பட்டியல் போடுவார்கள். சாதி, மதம், வர்க்கம், வயது, மாற்றுத்திறன், திருநர் என்று பத்து சொற்களை அடுக்கிவிட்டு விடை எழுதியாயிற்று என்று பேனாவை மூடுவார்கள். இதற்கு ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு அடையாளத்துக்கும் எதிரே ஒரு காகிதமும் ஒரு அலுவலகமும் எழுத வேண்டும்: எந்தப் படிவத்தில், எந்த மேசையில் அந்த அடையாளம் ஒருவரைத் தடுக்கிறது? எழுத முடியாவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும்.

கிழக்கிலங்கையின் சுனாமி வீடுகள் இந்தப் பயிற்சிக்கென்றே அமைந்தவை போன்றவை. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். 2004 டிசம்பர் 26இல் அலை கொண்டுபோன வீடுகளில் பல, பெண்களின் பெயரில் இருந்தவை. புதிய வீடு கொடுத்தபோது படிவம் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டது. அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் ஏறியது. பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்த சமூகத்தில், உதவி என்ற பெயரால் அது பறிபோனது. காகிதம்: குடும்பத் தலைவர் என்ற ஒரு கட்டம். அலுவலகம்: பிரதேச செயலகம். தெற்கு மாவட்டம் ஒன்றில் அதே கட்டம் அதே அளவுக்குச் சேதம் செய்திருக்காது என்று மாணவர்களே சொன்னால், மூன்றாவது வழி புரிந்துவிட்டதென்று கொள்ளலாம். வடக்கில் இதையே வேறு விதமாகக் கேட்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? அவனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனைவிக்கு மனமில்லை என்றால்?

நான்காவது, ஐந்தாவது வகுப்புகள் பேச்சுவார்த்தை மேசைக்கு. இங்கேதான் கையேட்டின் குறை தெரிகிறது. அது ஒரு திட்டத்துக்குள் நின்று பேசுகிறது. மேசையில் யாருக்கு நாற்காலி, யார் அதைத் தீர்மானிக்கிறார் என்ற அதிகாரக் கேள்விக்கு மாணவர்களைக் கொண்டுபோகும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது. மூன்று மேசைகளை அருகருகே வைத்தால் அது நடந்துவிடும்.

வட அயர்லாந்தில் சமாதானப் பேச்சுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க நடந்த 1996 மே மாதத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான் மகளிர் கூட்டணி உருவானது. கிடைத்த வாக்கு நூற்றுக்கு ஒன்று. ஆனால் 110 இடங்களில் 20 இடங்கள், முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா இரண்டு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சட்டவிரோத ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய சிறு கட்சிகளை உள்ளே கொண்டுவரப் போட்ட விதி அது. துப்பாக்கிக்காரர்களுக்குத் திறந்த கதவில் மோனிகா மெக்வில்லியம்ஸும் பெர்ல் சாகரும் நுழைந்தார்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டன்ட். 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டோர், இரு மதப் பிரிவினரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், சேர்ந்து வாழும் குடியிருப்புகள், பெண்களின் அரசியல் பங்கேற்பு பற்றிய வரிகளில் அவர்கள் கை உண்டு.

ஹவானாவில் கொலம்பிய அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் பேசத் தொடங்கியது 2012இல். 2013 அக்டோபரில் பெண்கள் அமைப்புகள் போகோட்டாவில் மாநாடு கூட்டி நெருக்கியபின், அடுத்த மாதமே அரசு இரு பெண்களை முழு அதிகாரப் பேச்சாளர்களாக்கியது. 2014 செப்டம்பரில் பாலினத் துணைக்குழு வந்தது. 2016 அக்டோபர் 2 வாக்கெடுப்பில் உடன்படிக்கை மயிரிழையில் தோற்றது. எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று, உடன்படிக்கையில் ‘பாலினச் சித்தாந்தம்’ புகுத்தப்பட்டிருக்கிறது என்ற பிரசாரம். நவம்பரில் திருத்திக் கையெழுத்தானபோது பாலினம் பற்றிய வாசகங்கள் மென்மையாக்கப்பட்டு, நீக்கப்படாமல் நின்றன.

மூன்றாவது மேசை கிளிநொச்சி. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் நடந்த பேச்சில் பெண்கள் விவகாரத் துணைக்குழு ஒன்று அமைந்தது. தரப்புக்கு ஐந்து பேர். அரசு தரப்பில் குமாரி ஜயவர்தன, புலிகள் தரப்பில் தமிழினி தலைமை. 2003 மார்ச்சில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள். துணைக்குழுவும் அத்தோடு நின்றது. முதன்மை மேசைக்கு அறிக்கை தரலாம், மேசையில் உட்கார முடியாது என்ற அமைப்பில், மேசை கவிழ்ந்தால் எதுவும் மிஞ்சாது. வாக்கால் கிடைத்த இடம், அழுத்தத்தால் கிடைத்த இடம், மேலிருந்து கொடுத்த இடம்: மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அதுவே நல்ல தேர்வு.

அடுத்தது நடிப்புப் பயிற்சி. முப்பது பேருக்கு இப்படிப் பிரிக்கலாம்: அரசு 6, ஆயுதக்குழு 6, நடுவர்கள் 3, பெண்கள் அமைப்புகள் 6, பாதிக்கப்பட்டோர் 4, பார்வையாளர்கள் 5. அறுபது பேர் என்றால் இரண்டு மேசை. பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் தர வேண்டும். விருப்பத்துக்கு விட்டால் மாணவிகள் எல்லோரும் பெண்கள் அமைப்பில் போய் உட்காருவார்கள், தளபதி வேடத்துக்கு மாணவர்களுக்குள் போட்டி வரும். பொருள் பட்டியலை முதல் இருபது நிமிடம் கொடுக்காதீர்கள். யார் உட்காருவது என்பதை மட்டும் பேச விடுங்கள். பார்வையாளர் ஐவர் கையிலும் கடிகாரம் வேண்டும்: யார் எத்தனை நிமிடம் பேசினார், யார் இடைமறிக்கப்பட்டார், குறிப்பு எழுதும் வேலை யாரிடம் போனது, தேநீர் வேளையில் யார் யாரோடு ஒதுங்கிப் பேசினார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சிக்கலான முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படும். பெண்கள் அமைப்பு வேடத்தில் இருப்பவர்கள் அப்போது வகுப்பில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

புள்ளிவிவரம் பற்றி ஒரு எச்சரிக்கை. மாணவர் கட்டுரைகளில் தவறாமல் வரும் வரி, ‘பெண்கள் பங்கேற்றால் அமைதி 35 விழுக்காடு அதிகம் நீடிக்கும்’. 1989 முதல் 2011 வரையான 182 உடன்படிக்கைகளை வைத்துச் செய்த கணக்கு அது. ராதிகா குமாரசுவாமி தலைமையில் 2015இல் வந்த, 1325ஆம் தீர்மானம் பற்றிய உலகளாவிய ஆய்வின் வழியாகப் பரவியது. சொல்வது, குறைந்தது 15 ஆண்டு நீடிக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல் என்று. பேச்சாளர், நடுவர், சாட்சி, கையெழுத்திட்டவர் என்று நால்வகைப் பங்கும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பெண்களை உள்ளே விடும் அளவுக்குத் திறந்த பேச்சுவார்த்தைகள் மற்ற காரணங்களாலும் உறுதியானவையாக இருந்திருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எண்ணை மட்டும் எழுதினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். 1992 முதல் 2019 வரை முக்கியப் பேச்சுகளில் பேச்சாளர்களில் பெண்கள் 13 விழுக்காடு, நடுவர்களில் 6, கையெழுத்திட்டவர்களில் 6 என்று ஐ.நா. மகளிர் அமைப்பு தந்த எண்கள் இதைவிடப் பாதுகாப்பானவை. அவை எதையும் நிரூபிக்க முயல்வதில்லை, நிலவரத்தை மட்டும் சொல்கின்றன.

இறுதி ஒப்படைப்புக்கு நாகாலாந்தைப் பரிந்துரைக்கலாம். 1984இல் உருவான நாகா அன்னையர் சங்கம் ‘இனி இரத்தம் சிந்த வேண்டாம்’ என்று ஆயுதக் குழுக்களிடம் நடந்தே போய்ப் பேசியது. அன்னையர் என்பதால் அவர்களுக்கு வழி விட்டார்கள். அதே மாநிலத்தில் 2017இல் நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 விழுக்காடு இடம் என்றதும் கலவரம் வெடித்து, உயிர்கள் போய், கோகிமாவில் அரசுக் கட்டடங்கள் எரிந்தன. முதலமைச்சர் பதவி விலகினார். அந்த ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது 2024 ஜூனில்தான். சமாதானம் பேசத் தாயாக ஏற்றுக்கொண்டவர்கள், உறுப்பினராக ஏன் ஏற்கவில்லை? கையேட்டின் மூன்று வழிகளில் எது இதற்கு விடை தரும், எது தராது என்று 1,500 சொல்லில் எழுதச் சொல்லுங்கள். 20 மதிப்பெண்ணில் 8ஐ, தராத வழியைச் சரியாகச் சொன்னதற்கு வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. போரைப் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். யார் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று யாரையும் எழுப்பிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ நடத்தினால் வெளிநாட்டு உதாரணங்களிலேயே நான்கு வகுப்புகளைக் கடத்திவிட்டு, கிளிநொச்சியைக் கடைசியில், ஆவணமாக மட்டும் எடுப்பது நல்லது. காரணம் சொல்லாமல் எழுந்து போக அனுமதி உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். பாலியல் வன்முறைச் சாட்சியங்களை உரக்க வாசிக்க வைப்பது எந்த நோக்கத்துக்கும் தேவையில்லை.

கிடைக்கும் இடம் பற்றி: இதை வெளியிட்ட நிறுவனம் 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கியது. 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் அதைக் கையகப்படுத்தி ஊழியர்களில் பெரும்பாலோரை வெளியேற்றியது, வழக்குகள் நடந்தன. இணைய முகவரியை நம்பிப் பாடத்திட்டத்தில் சுட்டி மட்டும் போட்டுவைப்பது விவேகமன்று. கோப்பு கிடைத்த அன்றே இறக்கித் துறைக் கணினியிலும் நூலகத்திலும் ஒவ்வொரு படி வையுங்கள். மாணவர்களுக்கு முழுவதும் அச்சடிக்க வேண்டாம்; மூன்று வழிகளையும் விளக்கும் பக்கங்கள் போதும், ஓரத்தில் தமிழ்க் குறிப்பு எழுத இடம் விட்டு.